வீட்டை அடகு வைத்து மருத்துவம் வேண்டாம்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில் இயற்பியலிலும் கணிதத்திலும் சிறந்து விளங்கிய மகளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைத்தே ஆக வேண்டும் என்று உங்கள் அண்ணன் வற்புறுத்துவதாகவும், அதற்காகத் தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய தாமான் வீட்டை அடகு வைக்கக் கணவர் துணிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். மலேசியாவில் அரசு மருத்துவர்களுக்கு 2016 இறுதியில் ஒப்பந்த நியமனம் வந்த பிறகு, பட்டம் பெற்றதும் நிரந்தர வேலை என்ற பழைய கணக்கு செல்லாது. கடனைக் கட்டப்போவது மாமா அல்லர்.

மகள் கணினியில் எதையோ நிரல் எழுதிப் பொழுதைக் கழிக்கிறாள் என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. உயிர்மருத்துவப் பொறியியலில் அவளுக்கு ஏற்ற துறை ஒன்று உண்டு: மருத்துவப் படங்களிலிருந்து எலும்பின் உள்ளமைப்பை அளப்பது. மருத்துவமனையில் எடுக்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, தாது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. எலும்பின் உட்புறம் கடற்பஞ்சைப்போல் பின்னிக்கிடக்கும் இழைகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிப்பே உள்ளவை; சாதாரண சி.டி. படத்தில் அவை தெளிவாகப் பிரிந்து தெரியா. ஆய்வகத்தில், மிக நுண்ணிய அமைப்பையும் காட்டும் மைக்ரோ சி.டி. கருவி எலும்புத் துண்டை நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுப்படங்களாகத் தரும். அவற்றில் எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல் எலும்பு என்று ஓர் எல்லையை வகுக்க வேண்டும். எல்லை சற்று உயர்ந்தால் மெல்லிய இழைகள் மறைந்துவிடும், தாழ்ந்தால் துளைகள் அடைபட்டுவிடும். பிறகு மென்பொருள், எலும்புக்குள் அடங்கக்கூடிய மிகப்பெரிய கோளங்களைப் பொருத்தி, அவற்றின் விட்டத்தைக் கொண்டு தடிப்பைக் கணக்கிடும். எலும்பு எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பதும் இந்தப் படங்களிலிருந்தே எண்ணாகிறது. இதற்கான இமேஜ்ஜே, போன்ஜே ஆகிய மென்பொருள்கள் இலவசம். மாதிரிப் படங்களைக் கொண்டு அவள் இன்றே வீட்டு மடிக்கணினியில் முயன்று பார்க்கலாம்.

எலும்பை மட்டுமே அளக்கும் வேலை நம் நாட்டில் குறைவுதான்; பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகு ஆய்வகங்களில் கிடைக்கும். ஆனால் படப் பகுப்பாய்வைக் கற்றவருக்குப் பினாங்கின் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளில் தரச்சோதனை போன்ற பணிகளுக்கும் முயல வழியுண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உயிர்மருத்துவப் பொறியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குப் பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனை நாடலாம், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் படிப்புகளின் வரிசையை மகளே நிரப்பட்டும். நீங்கள் அந்தப் படிப்புகளுக்குப் பொறியியல் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள்.