முதல் ஆய்வுக் கட்டுரையைக் காசு கட்டிப் போட்டுவிடலாமா?

ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பி.எச்டி. இரண்டாம் ஆண்டு என்கிறீர்கள். பத்தே நாளில் வெளியிட்டுத் தரும் ஒரு ஜர்னலில் (ஆய்விதழில்) மூவாயிரம் ரூபாய் கட்டிப் போட்டுவிடச் சொல்கிறார் கைடு, 'முதல் பேப்பர்தானே, போட்டுவிடலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'தானே'வைப் பார்த்துவிட்டுத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். அடுத்த மாதம் டாக்டோரல் கமிட்டி (ஆய்வு எவ்வளவு தூரம் வந்தது என்று கேட்கும் குழு) இருக்கும். உங்களோடு ஒட்டுக்காச் சேர்ந்தவர் அதற்குள் இரண்டு பேப்பர் போட்டிருப்பார். உதவித்தொகை வந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஊருக்குப் போனால் 'இன்னும் படிச்சு முடியலையா கண்ணு' என்று யாராவது கேட்பார்கள். இத்தனைக்கும் நடுவில் மூவாயிரம் ரூபாயில் ஒரு தலைவலி தீர்கிறதென்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும். எனக்கும் நீண்டது.

என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சென்னிமலை பக்கம். 2016-ல் பி.எச்டி. சேர்ந்தேன். ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதுதான் தலைப்பு. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த அணை அது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, கட்டிச் சில வருடங்களிலேயே 'இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்' என்று விவசாயிகளே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு தண்ணீரோடு போய்விடும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, அதன் பிறகு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் திறந்தார்கள். சரி, அதற்கு முன் நிலத்தடியில் இறங்கிய உப்பு என்ன ஆனது? அதுதான் என் கேள்வி.

டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் கேன்களைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனேன். 2017 கோடையில் 20 கிணறுகள். அணையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவர், நான் கேனை நிரப்பும்போதே சொன்னார்: "ஏனுங் தம்பி, இதைய அளந்து வேற பார்க்கோணுங்ளா? பால் ஊத்துனா திரிஞ்சு போகுதுங். மாடு வாய வச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்." சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் கிணற்று எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதை எழுதவில்லை.

அந்தச் சமயத்தில் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதி நடப்பில் இருந்தது: ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு பேப்பராவது வெளிவந்திருக்க வேண்டும். என் கைடு (நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி) ஒரு ஜர்னலின் பெயரைச் சொன்னார். பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' இருந்தது. யு.ஜி.சி. ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் பட்டியலிலும் இருந்தது. 2018 ஜனவரியில் 2,800 ரூபாய் கட்டி அனுப்பினேன். ஆறாம் நாள் ஏற்றுக்கொண்டதாக மெயில், ஒன்பதாம் நாள் வெளியீடு. எங்கள் ஊரின் பெயரையே எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது கட்டுரையாசிரியராகத் துறைத் தலைவர், அவர் அந்தக் கிணறுகளைக் கண்ணால்கூடப் பார்த்தவரில்லை. கூடவே தங்க நிற விளிம்பு போட்ட ஒரு சான்றிதழும் வந்தது. அப்பா அதை ஈரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு, முன்வாசலில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார்.

2018 மே மாதம் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை நீக்கியது. அதில் என்னுடையதும் ஒன்று. காசும் போச்சு, கணக்கிலும் சேராதோ என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்கான வழியில் இறங்கினேன், ஆசையில் இல்லை, வேறு வழியில்லாமல். கிணறுகளை 36 ஆக்கினேன். முதலில் அனுப்பிய ஜர்னல் ஆறே நாளில் திருப்பி அனுப்பிவிட்டது, கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்கும் ரிவ்யூவர் கைக்கே போகவில்லை. 'உள்ளூர் ஆய்வு, எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது' என்று இரண்டு வரி. அழுகை வந்தது. எங்கள் துறை அக்கா ஒருவர் (அப்போதே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டவர்) என் கவரிங் லெட்டரை (கட்டுரையோடு ஜர்னலுக்கு அனுப்பும் கடிதம்) படித்துவிட்டு, "நொய்யலப் பத்தித் தெரியாதவன் எதுக்குடா இதைப் படிக்கோணும்? அதைய எங்கயும் எழுதவே இல்லையே" என்றார். கழிவு நின்று வருடங்கள் கழித்தும் நிலத்தடியில் உப்பு எப்படி நிற்கிறது என்பது எல்லாச் சாய நகரங்களுக்கும் உள்ள கேள்வி என்று முதல் பத்தியை மாற்றினேன். இன்னொன்றையும் அந்த அக்கா கட்டாயமாகச் சொன்னார்: 20 கிணறுகளின் 2017 தரவு ஏற்கெனவே ஒரு ஜர்னலில் வந்துவிட்டதை இந்த ஜர்னலின் ஆசிரியருக்கு எழுதிவிடு, மறைத்தால் அதுவே தனிக் குற்றம். எழுதினேன். நல்ல வேளை எழுதினேன்.

இரண்டாவது ஜர்னலுக்கு ஜூலையில் அனுப்பி, டிசம்பரில் பதில் வந்தது. முதல் ரிவ்யூவர் மூன்று வரி. இரண்டாமவர் இரண்டு பக்கம், 19 கேள்விகள். ஏழாவது கேள்வி இது: 'அணையை ஒட்டிய 9 கிணறுகளில் சோடியம் லிட்டருக்கு 900 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, குளோரைடு 190 என்கிறீர்கள். மீதி எதிர்மின் சுமை எங்கே?'

வேதியியல் படிக்காதவர்களுக்கு: தண்ணீரில் கரைந்த உப்பில் நேர்மின் அயனிகளின் சுமையும் எதிர்மின் அயனிகளின் சுமையும் சமமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கிணற்றில் கை வைத்தாலே ஷாக் அடிக்கும். எல்லாவற்றையும் மில்லி ஈக்விவலன்ட்டாக (மின்சுமையைக் கணக்கிடும் அலகு) மாற்றி இரண்டு பக்கமும் கூட்டினால் வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 900 சோடியம் என்றால் சுமார் 39, 190 குளோரைடு என்றால் ஐந்து சொச்சம். முதுகலையில் நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். என் தரவுக்கு அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

குறிப்பேட்டைப் புரட்டினேன். குளோரைடை அளக்க, தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் செங்கல் நிறமாகும்போது நிறுத்துவோம், அதுதான் டைட்ரேஷன். உப்பு அதிகமான தண்ணீர் சில்வர் நைட்ரேட்டைக் குடித்துக்கொண்டே போகும், மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறவே மாறாது. அதனால் அந்த ஒன்பதையும் 10 மில்லி எடுத்து 100 ஆக்கித்தான் டைட்ரேட் செய்திருந்தேன். எக்செல்லில் மற்றக் கிணறுகளின் ஃபார்முலாவை அப்படியே கீழே இழுத்துவிட்டிருக்கிறேன். பத்தால் பெருக்கவில்லை. 190 இல்லை, 1,900.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை. ஆக, காசு கட்டிப் போட்ட என் முதல் பேப்பர் என்ன சொல்கிறது? மாடு மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட தண்ணீரை மனிதர் குடிக்கலாம் என்கிறது. ஒன்பது நாளில் அதை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

பியூரெட் (சொட்டுவிடும் கண்ணாடிக் குழாய்) அளவுகள் பேனாவால் குறிப்பேட்டில் இருந்ததால் பிழைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஒன்பது கிணறுகளுக்கும் மறுபடி போய்த் தண்ணீர் எடுத்துச் சரிபார்த்தேன். சில்வர் நைட்ரேட் பட்டு விரலெல்லாம் கருத்து, பத்து நாள் போகவில்லை. பெரியவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கே சொன்னனுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தார்.

தண்ணீர் என்று வந்துவிட்டதால் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் மறுபடி டைட்ரேஷன் செய்துகொண்டிருந்த அதே மாதம் எங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்கிற ஒரு பையன் வந்தான். எங்கள் வீட்டில் வருவது நல்ல ஆற்றுத் தண்ணீர். இரண்டு டம்ளர் வைத்தான், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்தது. கம்பிகள் உள்ள கருவி ஒன்றை இரண்டிலும் விட்டு கரண்ட் கொடுத்தான். எங்கள் தண்ணீர் காவி நிறமாகிச் சேறாகிவிட்டது, அவனுடையது பளிச்சென்று இருந்தது. அம்மா பதறிப்போய் 14,000 ரூபாய் மெஷினுக்குத் தவணையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மா, அது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அந்தக் கம்பியின் இரும்பு கரைந்து வந்தது, தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும், அவன் தண்ணீரில் உப்பே இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான் என்று அரைமணி நேரம் சொன்னேன். "நீ பேப்பர்ல எழுதறே, அவன் கண்ணு முன்னாலயே காட்டீட்டான்" என்றார். தண்ணீரில் பி.எச்டி. செய்கிறவன் வீட்டில் இது. அந்த மெஷின் பாதித் தண்ணீருக்கு மேல் சாக்கடைக்கு விடுகிறது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, விடுங்கள்.

ரிவ்யூவருக்குப் பதில் எழுதும்போதுதான் கை நடுங்கியது. 'தாங்கள் சொன்னது சரி, நீர்த்தல் கணக்கில் பிழை, ஒன்பது அளவுகளும் மாறுகின்றன, முந்தைய வெளியீட்டிலும் இதே பிழை உள்ளது' என்று ஒளிக்காமல் எழுதினேன். 19 கேள்விகளையும் ஒவ்வொன்றாக நகலெடுத்து, கீழே பதில், எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினேன் என்பது வரை. ஒத்துக்கொள்ளாத இடங்களில் ஏன் இல்லை என்பதையும் எழுதினேன். நிராகரித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். இன்னொரு சுற்று கேட்டார்கள், 2019 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார்கள். என் கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை, எழுதுகிறவரிடம் வாங்காமல் படிப்பவர்களின் சந்தாவில் நடக்கும் ஜர்னல்.

இங்கே யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: காசு வாங்கும் ஜர்னல் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஓப்பன் ஆக்சஸுக்கு (யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற முறை) கட்டணம் வாங்கிக்கொண்டே வரி வரியாகக் கேள்வி கேட்கும் நல்ல ஜர்னல்கள் இருக்கின்றன. பத்து நாளில் வரும் என்று முதலிலேயே வாக்குக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கேள்வி கேட்க இரண்டு பேரைத் தேடிப் பிடிக்கவே சில சமயம் ஒரு மாதம் ஆகிவிடும். 'உனக்கு வசதி இருந்தது, பத்து மாதம் காத்திருந்தாய்' என்பீர்கள். வசதியெல்லாம் இல்லை, அப்பாவுக்குத் தறி வேலை, நான் ஒரு தனிப்பயிற்சி மையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துத்தான் ஓட்டினேன்.

அப்புறம் விதியும் மாறிவிட்டது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிமுறையில் பி.எச்டி.க்குப் பேப்பர் கட்டாயம் என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. 2018-க்குப் பிறகு வந்த கேர் என்ற புது ஜர்னல் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். கைடு சொன்னார் என்று நம்பாமல், நீங்கள் சேர்ந்த வருடத்துக்கான விதிமுறையை வாங்கிப் படியுங்கள். நெருக்கடியே இல்லாத இடத்தில் மூவாயிரத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அந்தப் பழைய பேப்பர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். திருத்தம் போடச் சொல்லி மூன்று முறை எழுதினேன். முதல் மெயிலுக்கு, திருத்தம் வெளியிட 1,500 ரூபாய் என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் பதிலே இல்லை. பிறகு அந்த ஜர்னலின் தளமே காணாமல் போய்விட்டது. நிம்மதி என்று இருந்தேன். வந்த புதிதில் பெருமைக்காக ரிசர்ச்கேட்டில் (ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் தளம்) நானே அதை ஏற்றிவைத்திருந்ததை மறந்துவிட்டேன்.

2022-ல் ஒரு எம்.எஸ்சி. மாணவன் மெயில் போட்டான். அதே அணைப் பக்கம், அதே ஊர்க் கிணறு. 'சார், உங்கள் பேப்பரில் 190 இருக்கிறது, எனக்கு 1,740 வருகிறது. மூன்று முறை டைட்ரேட் செய்துவிட்டேன், துறையில் இருந்த சில்வர் நைட்ரேட் பாட்டில் காலி, மேடம் திட்டுகிறார். நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று சொல்ல முடியுமா?'

அன்றைக்கே அதை நீக்கினேன். என் எக்செல்லையும் 2019 பேப்பரையும் அவனுக்கு அனுப்பி, அவன் மேடத்துக்கும் தனியாக ஒரு மெயில் எழுதினேன். சான்றிதழ் மட்டும் இன்னும் முன்வாசலில் தொங்குகிறது. கழற்றலாம் என்று சொன்னால் அப்பா விடமாட்டேன் என்கிறார்.