கோட்டுத் துணி மாதிரி கார்பெட்: ஹாலில் எது தாங்கும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஹால் 12-க்கு 16 அடி, வெளிர் சாம்பல் டைல்ஸ், ஏழடி சோபா. உடைத் துணி மாதிரியே வரும் கார்பெட்டுகளில் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்: சுருட்டைச் சுருட்டையாக ஒரு பூக்ளே, வெல்வெட் போல மினுங்கும் 'பாம்பூ சில்க்' ஒன்று, சொரசொரப்பான கம்பளிக் கோட்டுத் துணியான ட்வீட் போல ஒன்று. மூன்றுமே பிடித்திருக்கிறதாம். வீட்டில் நான்கு வயதுப் பையன், எழுபது வயது மாமியார், அப்புறம் ஒரு பூனை. எதை வாங்குவது?

பூனையைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

பூக்ளே கோட்டில் அழகாக இருப்பதற்குக் காரணம் அதன் நூல். நூற்கும்போதே ஒரு இழையைக் கொஞ்சம் தாராளமாக விட்டு வளையவிடுவார்கள், இன்னொரு இழை அந்த வளையத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கார்பெட்டில் அதே தோற்றத்துக்காக முகப்பு நூலை, அதாவது மேலே நிற்கும் நூலை, வெட்டாமல் வளையமாகவே விடுகிறார்கள், சில வளையம் உயரமாக, சில குட்டையாக. கோட்டை யாரும் பிராண்டுவதில்லை, கார்பெட்டை உங்கள் பூனை பிராண்டும். அதிலும் மெஷினில் டஃப்டிங் செய்ததாக, அதாவது அடித்துணியில் ஊசியால் நூலைக் குத்தி ஏற்றியதாக இருந்தால் ஒரே நூல்தான் வரிசை முழுக்க ஏறி இறங்கி ஓடும், அதை அடியில் பிடித்து வைத்திருப்பது லேட்டக்ஸ் பசை மட்டுமே. ஒரு வளையத்தில் நகம் மாட்டி, பையன் அதை "என்னம்மா இது" என்று இழுத்தானென்றால் ஒரு வரிசையே கையோடு வந்துவிடும். அப்படி ஒரு வளையம் கிளம்பிவிட்டால் இழுக்காமல், மற்ற வளையங்களின் உயரத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். ஆனால் பூனை இருக்கும் வீட்டுக்கு நான் பூக்ளே வாங்கச் சொல்ல மாட்டேன்.

வெல்வெட் கதை சுவாரஸ்யமானது. வெல்வெட் மாதிரி கார்பெட் என்றால் ஏதோ இப்போது வந்த காப்பி என்று தோன்றும், ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தறியில் முகப்பு நூலை மெல்லிய கம்பிகளின் மேலாக ஏற்றி நெய்து, பிறகு கம்பியை உருவுவார்கள். கம்பி நுனியில் கத்தி இருந்தால் வளையம் அறுபட்டு மெத்தென்று நிற்கும், இல்லாவிட்டால் வளையமாகவே தங்கும். கம்பி வைத்து வெல்வெட் நெய்வது இப்படித்தான். கார்பெட்டில் அறுத்த வகைக்கு இங்கிலாந்தின் வில்டன் ஊர்ப் பெயரும், அறுக்காத வகைக்கு பிரஸ்ஸல்ஸ் என்ற பெயரும் நிலைத்துவிட்டன.

வாசல் பக்கமிருந்து பார்த்தால் வெளிறியும் ஜன்னல் பக்கமிருந்து பார்த்தால் அடர்ந்தும் தெரிவது இந்த வகையின் குணம். மயில்கழுத்துப் புடவையும் திரும்பினால் நிறம் மாறும், ஆனால் அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இங்கே நிறம் ஒன்றுதான், இழை சாய்ந்திருக்கும் திசை மட்டும் வேறு: இழையின் நுனி நம்மைப் பார்த்தால் இருட்டு, பக்கவாட்டைப் பார்த்தால் மினுமினுப்பு. அதனால்தான் நடந்தால் கால் தடம் தெரியும். "கறை பிடித்துவிட்டது, மாற்றிக் கொடு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், கையால் எதிர்ப்பக்கம் நீவினால் அந்தக் கறை போயே போய்விடும்.

சரி, 'பாம்பூ சில்க்'. அதில் பட்டு கிடையாது. மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான் பெரும்பாலும் அந்தப் பெயரில் விற்கிறது. விஸ்கோஸ் நனைந்தால் அதன் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், நனைந்த இடம் காயும்போது விறைத்து, மஞ்சள் பூத்துவிடும். எங்கள் வீட்டில் இப்படி ஒன்று வாங்கி வந்த இரண்டாம் வாரம் ஒரு டம்ளர் காபி சிந்தியது. காபிக் கறையை ஈரத்துணி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன், அந்த ஈரம் போட்ட வட்டத்தை இன்றுவரை எடுக்க முடியவில்லை. விற்றவர் "தண்ணி படாம பாத்துக்கோங்க" என்று அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான்கு வயதுப் பையன் இருக்கும் ஹாலுக்கு இது வேண்டவே வேண்டாம். படுக்கையறையில் காலையில் கால் வைக்கிற இடத்தில் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆசை தீரும்.

ஆக, ட்வீட். மிச்சம் இருப்பது அதுதான் என்பதால் சொல்லவில்லை, தரையில் போடுவதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு குணம் அதற்கு உண்டு. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீடை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும், கம்பளிக்குச் சாயம் போடுவதும் நூற்பதும் அந்தத் தீவுகளிலேயே நடக்க வேண்டும் என்று 1993-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அங்கே நூலுக்குச் சாயம் போடுவதில்லை. கம்பளியாக இருக்கும்போதே சாயம் ஏற்றி, பல நிறங்களைக் கலந்து, அப்புறம்தான் நூற்கிறார்கள். தள்ளி நின்றால் பாசி நிறம் என்று தோன்றுகிற ஒரு நூலைக் கண்ணருகே கொண்டுபோனால் அதில் ஆரஞ்சு, நீலம், மஞ்சள் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும். இந்தக் கலப்பு கார்பெட்டில் இருந்தால் தூசி, முறுக்குத் துணுக்கு, பூனை முடி எதுவுமே சட்டென்று கண்ணில் படாது. ஒரே நிறக் கார்பெட்டில் ஒரு சோற்றுப் பருக்கை விழுந்தாலும் ஊருக்கே தெரியும்.

கடையில் நிஜமான கலப்பு நூல்தானா என்று பார்ப்பது சுலபம். இரண்டு கட்டை விரலாலும் முகப்பை விலக்கி அடி வரைக்கும் பாருங்கள். மேலே மட்டும் நிறம் இருந்து அடியில் வெளுத்திருந்தால் அது துணியின் படத்தை அச்சடித்த சரக்கு, நடக்கிற பாதையில் முதலில் தேயும். அப்படியே பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்: துணி ஒட்டியிருந்தால் டஃப்டிங் செய்தது, முகப்பிலிருக்கும் டிசைன் பின்பக்கமும் தெரிந்தால் நெய்தது அல்லது கையால் முடிச்சுப் போட்டது. டஃப்டிங் மட்டம் என்று சொல்லவில்லை, ஆனால் பல வருஷம் கழித்து அந்தப் பசை பொடிந்து தரையில் மாவு மாதிரி உதிரும், விலை பேசும்போது அது மனதில் இருக்கட்டும்.

ஹெர்ரிங்போன் (மீன் முள் போன்ற வரிகள்), ஹவுண்ட்ஸ்டூத் (பல் பல்லான கட்டங்கள்) மாதிரி டிசைன்கள் கண்ணில் பட்டால் அளவைப் பாருங்கள். சட்டையில் அரை அங்குலக் கட்டம் அழகு, அதையே கறுப்பு வெள்ளையில் ஹால் முழுக்க விரித்தால் கண் கூசும். தரைக்கு மூன்று நான்கு அங்குலமாவது வேண்டும். ஜீன்ஸ் துணி விரிப்பு எடுப்பதாக இருந்தால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். இண்டிகோ நூலின் மேலோடு நின்றுவிடும் சாயம், கைக்குட்டையில் இறங்கினால் உங்கள் டைல்ஸ் இடுக்கிலும் இறங்கும்.

மாமியாருக்காக: முகப்பு நூலின் உயரம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், ஓரத்தில் குஞ்சம் வேண்டாம், அடியில் வழுக்காத ரப்பர் பேட் கட்டாயம். டைல்ஸ் மேல் வெறும் கார்பெட் சறுக்குப் பலகைதான்.

அளவு 6-க்கு 9 எடுங்கள். ஒன்பதடிப் பக்கம் சோபாவை ஒட்டி வந்தால் இரண்டு புறமும் ஓரடி வெளியே தெரியும், சோபாவின் முன்கால்கள் கார்பெட் மேல் உட்காரட்டும், அதுவும் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

கம்பளியில், வளையங்களை அறுத்துவிட்ட முகப்புள்ள ட்வீட் என்றால் முதல் சில மாதம் பஞ்சு பஞ்சாக உதிரும். அது வெட்டும்போது உள்ளே தங்கிய குட்டை இழை, வாரம் இரண்டு முறை வேக்குவம் போட்டால் தானே குறைந்துவிடும். அதுவரை பூனையைத் திட்டாதீர்கள்.