மகளுக்கு எந்த ரைபிள்?

வணக்கம் ஐயா,

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் மதுரையில் அவள் சித்தி வீட்டில் இருந்தபோது பத்து நாள் துப்பாக்கி சுடும் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தாள். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சே இல்லை. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படத்தைப் படிக்கும் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள். சொந்தமாக ரைபிள் வேண்டும் என்கிறாள்.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "வாங்கினால் ஜெர்மன் ரைபிள்தான், மூன்று லட்சம் ஆகும், நகையை வைத்தாவது வாங்கிவிடுங்கள், அப்புறம் மாற்ற வேண்டியதே இல்லை" என்கிறார் மைத்துனர். ஒரு கடைக்காரர் பதினெட்டாயிரத்துக்கு ஸ்பிரிங் கன் ஒன்றைக் காட்டினார். பாயின்ட் டூ டூ, வினாடிக்கு ஆயிரம் அடி வேகம், இந்த விலைக்கு இந்த பவர் எங்கும் கிடைக்காது என்றார். தோப்பில் கிளித் தொல்லை தாங்கவில்லை, அதற்கும் ஆகட்டுமே என்று எனக்கும் ஓர் எண்ணம். என்னால் ஒரு லட்சம் வரை புரட்ட முடியும். எதை வாங்கட்டும்?

ர., நத்தம்

அன்புள்ள ர.,

முதலில் கிளி விஷயத்தைப் பேசிவிடுவோம். கிளியைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர் கன்னாக இருந்தாலும் குற்றம்தான். மாம்பழக் காலத்தில் கிளிக் கூட்டம் இறங்கினால் எவ்வளவு சேதம் என்று எனக்குத் தெரியும். அதற்கு வலை கட்டுங்கள், காயைப் பழுக்கவிடாமல் பறித்து உள்ளே கொண்டுபோங்கள். மகளின் ரைபிளை அந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. காகிதத்தில் இருக்கும் ஒரு புள்ளிமேல் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும் ஆசை மிகத் தூய்மையான ஆசை. அதே கருவியை அப்பா பறவை பக்கம் திருப்புவதை அவள் பார்க்கக் கூடாது.

கடைக்காரர் காட்டிய துப்பாக்கியும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு (பாயின்ட் ஒன் செவன் செவன்) மேல் துளை உள்ள ஏர் ரைபிளுக்கும், 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ளதற்கும் லைசென்ஸ் வேண்டும். பாயின்ட் டூ டூ என்றால் துளை 0.22 அங்குலம், சுமார் ஐந்தரை மில்லிமீட்டர்; அதிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. அவர் சொன்ன வேகம் உண்மையானால் ஆற்றலிலும் தாண்டிவிடும். இதை உங்களிடம் சொல்லாமல் விற்கப் பார்த்தவரிடம் அடுத்த முறை பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) வாங்கக்கூடப் போகாதீர்கள்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் மகள் முகாமில் சுட்டது பத்து மீட்டர் ஏர் ரைபிள். அந்தப் போட்டியில் பவருக்கு வேலையே இல்லை. ஒலிம்பிக்கில் சுடுகிற ரைபிளிலிருந்து பெல்லட் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அடிக்கணக்கில் கிட்டத்தட்ட ஐந்நூற்று அறுபது, கடைக்காரர் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆற்றல் ஏழு, ஏழரை ஜூல். காகிதத்தைத் துளைக்க அது போதும். ஸ்பிரிங் கன்னில் விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் பாய்ந்து முட்டுகிறது. பெல்லட் குழாயை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறிவிடுகிறது. கை தேர்ந்த ஆட்கள் அதையும் பிடித்துச் சுடுவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தவறு தன்னுடையதா, துப்பாக்கியுடையதா என்றே தெரியாமல் போய்விடும். அது தெரியாவிட்டால் இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள வழியே இல்லை.

எந்த அளவுக்கு நுணுக்கம் என்று சொல்கிறேன். பத்து மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து என்கிற வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. பால்பாயின்ட் பேனாவைக் காகிதத்தில் ஒரு தொடு தொட்டு எடுங்கள், அவ்வளவுதான். 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10.9. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் இளவேனில் 630.7 எடுத்தார். சராசரி போட்டால் குண்டுக்குப் பத்தரைக்கு மேல். அப்படியும் பத்தாம் இடம்தான் கிடைத்தது. எட்டுப் பேர் போகும் இறுதிச் சுற்றுக்குள் வர முடியவில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து, உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவருக்கே இந்த நிலை. அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியவர் தென்கொரியாவின் பான் ஹியோ-ஜின், வயது 16. அவர் சுடவே ஆரம்பித்தது 2021-இல். இதை மகளிடம் சொல்லுங்கள். தாமதமாகிவிட்டது என்று அவள் பதற வேண்டியதில்லை.

சரி, மைத்துனருக்கு வருவோம். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்சுட்ஸ், ஸ்டெயர் எல்லாம் அருமையான ரைபிள்கள். முதல் மூன்றும் ஜெர்மனி, கடைசியது ஆஸ்திரியா. மூன்று லட்சம் கொடுத்தால் அதற்கான வேலைப்பாடு அதில் இருக்கும். அவர் சொல்வதில் பொய் இல்லை. "அப்புறம் மாற்ற வேண்டியதே இல்லை" என்கிற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. மாறப் போவது ரைபிள் இல்லை, உங்கள் மகளின் உடம்பு. அடுத்த மூன்று வருஷத்தில் அவள் எவ்வளவு வளர்வாள் என்று யாருக்குத் தெரியும்?

நின்று சுடும் நிலையை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வலது கைக்காரி என்றால் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொள்வாள். ரைபிளின் எடையைக் கை தூக்காது. அது முன்கை எலும்பு வழியாக இடுப்புக்கு இறங்கி, காலுக்குப் போய்விடும். கன்னம் ரைபிள் கட்டையில் பட வேண்டும், ஆனால் கழுத்து வளையக் கூடாது. தலை நேராக இருக்கும்போது பின்னால் இருக்கும் பீப் சைட்டின், அதாவது குறிபார்க்கும் கருவியின் துளை தானாகவே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். விதிப்படி ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். பெரியவர்களுக்கு அந்தக் கனம் அசைவைக் குறைக்கும். நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளை அதைத் தாங்க முதுகைப் பின்னால் வளைத்து வளைத்து, ஆறே மாதத்தில் இடுப்பு வலி என்று உட்கார்ந்துவிடுவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சில் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறேன். அப்படி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த ரைபிளை வைத்துக்கொண்டு, அது உடம்புக்குப் பொருந்தாமல், கோச் திட்ட, அப்பா செலவைச் சொல்லிக் காட்ட, கடைசியில் இந்தப் பக்கமே வராமல் போன ஒரு பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் நான் சொல்வது இதுதான். இப்போதைக்கு ரைபிளே வாங்காதீர்கள். கிளப்பில் சேர்த்துவிடுங்கள். மதுரையில் ரைபிள் கிளப் இருக்கிறது, நத்தத்திலிருந்து போய்வரும் தூரம்தான். ஆறு மாதம் கிளப் ரைபிளில் சுடட்டும். அந்த ஆறு மாதத்தில் முதலில் வாங்க வேண்டியது பெல்லட், கையுறை. ஆர்வம் நிலைத்தால் அப்புறம் ஜாக்கெட். அந்த விறைத்த ஜாக்கெட்தான் முதுகைத் தாங்குகிறது. வளரும் பிள்ளைக்கு அளவெடுத்துப் புதிதாகத் தைக்க வேண்டாம், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பழைய ஜாக்கெட் கிளப்பிலேயே கிடைக்கும்.

பெல்லட் கணக்கை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வாரம் நான்கு நாள், நாளுக்கு நூறு குண்டு என்றால் வருஷத்துக்கு இருபதாயிரம். ஒரு டின்னில் 500 வரும் என்றால் நாற்பது டின். டின் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு நாற்பதாயிரம் ஆகிவிடும். ரேஞ்ச் கட்டணம், கோச், பஸ் செலவு எல்லாம் தனி. நகையை வைத்து ரைபிள் வாங்கிவிட்டு, வட்டி கட்டுகிற மாதத்தில் பெல்லட்டைக் குறைத்துக்கொள் என்று சொல்லும் நிலைமை வந்தால், அந்த மூன்று லட்சம் ரைபிள் வெறும் காட்சிப்பொருள்.

சொந்த ரைபிள் எப்போது தேவை? மகளே சொல்வாள். கிளப் ரைபிளில் அவளுக்கு ஏற்றபடி தோளில் பதியும் பட் பிளேட்டை இறக்கி, கன்னக் கட்டையை உயர்த்தி, சைட்டைத் திருப்பி வைத்திருப்பாள். மறுநாள் வந்து பார்த்தால் அடுத்த பிள்ளை எல்லாவற்றையும் மாற்றியிருக்கும். முதல் இருபது குண்டு பழைய அளவைத் தேடுவதிலேயே போகும். ஸ்கோர் நோட்டில் இது வாரா வாரம் தெரிய ஆரம்பித்தால் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த விளையாட்டில் பாதிப் பயிற்சி பெல்லட் இல்லாமலேயே நடப்பது. வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி, காலி ரைபிள், குறி, மூச்சு, விசை. இதை டிரை ஃபயர் என்பார்கள். அதற்கு ரைபிள் வீட்டில் இருக்க வேண்டும். வாங்குகிற ரைபிளில் டிரை ஃபயர் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாத ரைபிள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு உதவாது.

அந்த நாள் வரும்போது உங்கள் ஒரு லட்சம் போதும். காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடும் பிசிபி வகைதான் வேண்டும். நம் நாட்டிலேயே பிரெசிஹோல் போன்றவர்கள் ஏர் ரைபிள் செய்கிறார்கள். இறக்குமதி ரைபிளில் பாதி விலைகூட ஆகாது, உதிரிபாகமும் இங்கேயே கிடைக்கும். மாவட்ட, மாநிலப் போட்டி வரைக்கும் ரைபிளால் அவளுக்குப் புள்ளி குறையப் போவதில்லை. இல்லையென்றால் பழைய ஜெர்மன் ரைபிள். கிளப்பில் மூத்த பிள்ளைகள் புதியது வாங்கும்போது பழையதை விற்பார்கள். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நல்ல ரைபிளின் குழாய் லேசில் தேயாது, திரும்ப விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருவரிடம் பழைய ரைபிள் வாங்கி, அதிலேயே நாலு மாதம் பழகிப் போட்டிக்குப் போனேன். கருவிச் சோதனை மேசையில் இருந்தவர் சிலிண்டரைக் கழற்றி, விளக்குப் பக்கம் திருப்பி, கழுத்துப் பகுதியில் பொறித்திருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். காலாவதியாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. காற்றுச் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் பொருள், பெரும்பாலும் பத்து வருஷம்தான் அதன் ஆயுள். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. விற்றவருக்கு அது தெரிந்தே இருந்தது. அன்று நான் சுடாமலேயே திரும்பினேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

ஆகவே சிலிண்டர் தேதியை முதலில் பாருங்கள். அப்புறம் சிலிண்டரை நிரப்பி, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கோச்சையோ அனுபவமுள்ள ஒருவரையோ சுடச் சொல்லி, பத்து குண்டு ஒரே துளையாக விழுகிறதா என்று பாருங்கள். சிதறினால் உடனே ரைபிளைக் குறை சொல்லாமல் இன்னொரு டின் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்திலேயே பெல்லட்டுகள் வருகின்றன. மகளை அழைத்துப் போகாமல் மட்டும் வாங்கிவிடாதீர்கள். கட்டையின் பின்பகுதியை எவ்வளவு குறுக்கினாலும் அவள் தோளுக்கு நீளமாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ரைபிள் உங்கள் பெயரில்தான் வாங்க வேண்டும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், பெல்லட் வேறு அலமாரியில், சாவி உங்களிடம். டிரை ஃபயர் செய்யும் அறையில் பெல்லட் டின்னே இருக்கக் கூடாது. ஏழு ஜூல்தான் என்றாலும் ஒரு கண்ணைப் பறிக்க அது போதும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலையை இன்று இரவே செய்யுங்கள். மகளை எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கையை நீட்டி, கட்டைவிரலால் கடிகாரத்தை மறைக்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் கடிகாரத்தின் மேலேயே நிற்கிறதோ அதுதான் அவளுடைய குறிக்கண். வலது கைக்காரிக்கு இடது கண் குறிக்கண்ணாக இருப்பதுண்டு. அப்படியென்றால் வலது தோளில் வைத்துச் சுடுவதா, இடது தோளுக்கு மாறுவதா என்று கோச் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ரைபிள் கட்டை பெரும்பாலும் வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதற்கு மாறுவது எளிதல்ல. விரல் நின்றதா, நகர்ந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.