தொழிலுக்கு வெப்சைட் வேண்டும், டெவலப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், தளத்துக்கு வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்: போன் செய்யவா, ஆர்டர் போடவா? எத்தனை பக்கம் என்பது அதைப் பொறுத்தது. பலருக்கு ஐந்தாறே தாராளம். எழுத்தும் படங்களும் தயாராக இல்லையென்றால் எந்த டெவலப்பரிடமும் வேலை இழுக்கும்.

அவர் முன்பு செய்த தளங்களை மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதைத் தாண்டினால், பெரும்பாலும் 5 எம்பி படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள்.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே வேண்டாம். உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில் நீங்களே வாங்குங்கள். அவர் கணக்கில் இருந்தால், நாளை மனஸ்தாபம் வரும்போது டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான டிரான்ஸ்ஃபர் கோடு அவர் கையில். தளத்தோடு, அதே டொமைனில் இயங்கும் கம்பெனி மெயிலும் நின்றுபோகலாம். ஹோஸ்டிங் (தளம் இயங்கும் சர்வர் இடம்) லாகினும் தளத்தின் முழு பேக்கப்பும் கைக்கு வந்தபிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.