கேள்வி பதில்: ஸ்காட்லாந்தின் கோபுர வீடுகள்

கேள்வி: ஸ்காட்லாந்தில் ‘டவர் ஹவுஸ்’ என்கிறார்களே, அது கோட்டையா, வீடா?

இரண்டும்தான். இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புறத்தில் பாறைக் குன்றின் மேல் நிற்கும் ஸ்மெயில்ஹோம் டவரை எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆம் நூற்றாண்டில் பிரிங்கிள் குடும்பத்தார் கட்டியது. கீழே கல் வளைவுக் கூரையிட்ட சரக்கறை, அதன்மேல் கூடம், அதற்கும் மேலே படுக்கையறை. சுற்றிலும் ‘பார்ம்கின்’ என்னும் மதில். எல்லைப்புறத்தில் 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் 60 அடிச் சதுரத்தில், 1 எல் கனத்தில், 6 எல் உயரத்தில் இந்த மதிலைக் கட்டியே ஆகவேண்டும் என்று 1535இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் சட்டம் போட்டது. ‘எல்’ என்பது அக்கால நீள அளவு; 1 எல் ஏறத்தாழ 94 செ.மீ. கோபுரம் அவரவர் விருப்பம்.

கேள்வி: இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு எப்படி?

குடியிருக்கும் கோபுர வீடுகள் பெரும்பாலும் ஏ, பி, சி என்று தரம் பிரித்த பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கும். அவற்றின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். இடிபாடுகள் பெரும்பாலும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி காக்கப்படும் நினைவுச்சின்னங்கள். அங்கே சாதாரணப் பழுதுபார்ப்புக்கும் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து’ என்னும் அரசுப் பாரம்பரிய அமைப்பின் ஒப்புதலை முன்கூட்டியே பெறவேண்டும். அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம்.

கேள்வி: கல் இடுக்குகளில் சிமென்ட் பூசினால் உறுதிதானே?

இல்லை, கேடு. இச்சுவர்கள் இரண்டு கல்முகங்களுக்கு நடுவே சில்லுக்கல்லும் சுண்ணாம்பும் நிரப்பியவை. சிமென்டின் மயிரிழை விரிசலில் புகும் மழைநீர் அதே வழியில் ஆவியாக முடியாது. கல் வழியாகத்தான் வெளியேறும். குளிரில் அந்த ஈரம் உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்க்கும். கடைசியில் கல் உள்வாங்கிப்போக, சிமென்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே சுண்ணாம்பு கரைந்து சுவர் வயிறு தள்ளும்.

சிமென்டைக் கையுளியால் எடுக்கவேண்டும். வெட்டும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். கல் உடையும் என்று தோன்றினால் அந்த இடத்தை விட்டுவிடுவதே மேல். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி, தூசியைக் கழுவி, ஈரப்படுத்திச் சுண்ணாம்புக் காரையை அழுத்தவேண்டும். அகலமான இடுக்கில் சிறுகல் செருகாமல் காரையை மட்டும் அடைத்தால் சுருங்கி வெடிக்கும். சற்று இறுகியதும் முரட்டுத் தூரிகையால் தட்டி, நனைந்த சாக்கைப் போர்த்தவேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் வேலையைத் தொடவே கூடாது.

ஸ்காட்லாந்தின் மற்றொரு கோபுர வீடான கிரெய்கீவர் கோட்டையில் சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசினார்கள். கூரையற்ற சுவர்களின் உச்சியில் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளைப் பரப்புவதும் உண்டு. மழையும் உறைபனியும் நேரே கல்லைத் தாக்காது.