கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: சில்வர்ஸ்டோன் கார் பந்தயத்தை டிவியில் பார்க்கும்போது, அது முன்பு விமானத் தளம் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? அப்படியென்றால் விமானத் தளம் இருக்கும் நம் தஞ்சாவூரில் ஏன் ரேஸ் டிராக் வரவில்லை? (வாசகர், பாபநாசம்)

உங்கள் மகன் சொல்வது சரிதான். 1943-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, குண்டுவீச்சு விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போட்ட தளம் அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. அந்த நேரத்தில் இங்கிலாந்தில் கார் ஓட்ட நல்ல தடமே இல்லை. பந்தயத்துக்கென்றே 1907-ல் கட்டிய புரூக்லேண்ட்ஸை போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைக்காக வெட்டிச் சிதைத்துவிட்டார்கள். ஒரு பந்தயத் தடம் விமானத்துக்காகப் போனது, ஒரு விமானத் தளம் பந்தயத்துக்கு வந்தது!

1947-ல் சில நண்பர்கள் யாரிடமும் கேட்காமல் உள்ளே புகுந்து கார் ஓட்டியிருக்கிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று குறுக்கே வந்து அடிபட்டுச் செத்தது, காரும் தேறவில்லை. அந்த ஓட்டத்துக்கு 'மட்டன் கிராண்ட் பிரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த வருடம் ராயல் ஆட்டோமொபைல் கிளப் முறையாகக் குத்தகைக்கு எடுத்து, ஜேம்ஸ் பிரவுன் என்ற விவசாயியிடம் தடம் அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. அவருக்குக் கிடைத்தது இரண்டு மாதம்கூட இல்லை. வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய் டிரம்களையும் வைத்தே வளைவுகளைக் குறித்தார்கள். நம் ஊரில் களத்துமேட்டில் அடுக்கி வைக்கிற வைக்கோல்தான், அங்கே மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காருக்கு எல்லைக்கல்! அப்போது தடம் ஓடுதளங்களின் மேலேயே போனதால் இரண்டு பக்கமிருந்தும் கார்கள் நேருக்கு நேர் பாய்ந்து வந்து நடுவில் திரும்பும், எதிரே வருவதைப் பார்த்து ஓட்டுநர் மிரளக்கூடாது என்று இடையில் துணித்திரை கட்டினார்கள். 1948 அக்டோபர் 2-ல் அங்கே நடந்த பந்தயத்தில் மசராட்டி கார் ஓட்டிய இத்தாலியர் லூயிஜி வில்லோரேசி ஜெயித்தார். மறுவருடம் தடத்தைத் தளத்தின் வெளிவட்டச் சாலைக்கு மாற்றினார்கள். 1950 மே 13-ல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. ஆல்ஃபா ரோமியோ காரில் ஃபரீனா முதலிடம், மன்னர் ஆறாம் ஜார்ஜ் நேரில் வந்து பார்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள பெயர்கள். விமானக் கொட்டகைகள் நின்ற பக்கம் 'ஹேங்கர் ஸ்ட்ரெய்ட்', பழைய மடம் இருந்த பக்கம் 'ஆபி', பக்கத்துப் பள்ளியின் பெயரில் 'ஸ்டோவ்'. நம் ஊரில் வாய்க்காலுக்கும் வயலுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிற மாதிரி, நிலத்தின் பழைய கதையைக் கார் ஓட்டுகிறவர்களும் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

தஞ்சாவூர்த் தளமும் அதே போர்க்காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டதுதான். ஆனால் அது சும்மா கிடக்கவில்லை. இன்று விமானப்படையிடம் இருக்கிறது, 2020 ஜனவரியிலிருந்து சுகோய் 30 போர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தளம் இருப்பது புதுக்கோட்டைச் சாலைப் பக்கத்து மேட்டு நிலத்தில். வயல் பக்கம் புதிதாகத் தடம் போடலாமே என்றால், ஆற்றுப் பாசன வயலின் களிமண் தண்ணீரில் உப்பும், கோடையில் கால் மாட்டுகிற அளவுக்கு வெடிக்கும். சமமான தார்த்தடம் அதன் மேல் நிற்க வேண்டுமானால் பெரிய செலவு. குறுவையும் சம்பாவும் விளைகிற மண் அப்படியே விளைந்துகொண்டிருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

கேள்வி: 'சோழவரம் ரேஸ்' என்று அப்பா அடிக்கடி பேசுவார். அது எப்போது நின்றது? (வாசகி, மன்னார்குடி)

அப்பா சொல்வதை ஒரு நாள் உட்கார்ந்து முழுதாகக் கேட்டு எழுதி வையுங்கள் அம்மா. சென்னைக்கு வடக்கே இருந்த அந்தத் தடமும் போர்க்கால ஓடுதளம்தான். ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருடம் பந்தயம் நடத்தியது. கோவையைச் சேர்ந்த கார் பந்தய வீரர் கரிவர்தன் போன்றவர்கள் பேர் வாங்கிய இடம் அது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக 3.7 கிலோமீட்டர் தடம் கட்டி 1990-ல் திறந்தது, பந்தயங்கள் அங்கே போய்விட்டன. சோழவரத்தில் எடுத்த பழைய போட்டோ அப்பாவிடம் இருந்தால் பின்னால் வருடத்தையும், காரை ஓட்டியது யார் என்பதையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.