தனியே நிற்க வேண்டிய வண்ணக் கண்ணாடி ஏன் வளைகிறது?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். காப்பிக் கிளையும் பழமும் வரைந்து, ஒன்றரை அடி உயரம், ஓரடி அகலத்தில் ஈயப் பட்டை கோத்து ஒரு வண்ணக் கண்ணாடிப் பலகை செய்தேன். மேசைமேல் அது தானாக நிற்க வேண்டும். நிறுத்தினால் நடுவில் வளைகிறது, தட்டினால் கடகடக்கிறது. சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா, கேஸ் தீயில் இன்னொரு முறை பற்றவைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கொலுசுப் பட்டறையின் தீ வெள்ளி வேலைக்கானது; சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். தீ பட்டால் உங்கள் பட்டை ஒழுகும், கண்ணாடியும் வெடிக்கும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு (சால்டர்) 190 டிகிரிக்குள் உருகும். அதற்கு 80 வாட் சால்டரிங் அயர்ன் போதும். இரண்டு பக்கமும் எல்லா மூட்டுகளும் பிடித்திருந்தால், பற்றவைப்பில் குறையில்லை.

கடகடப்புக்குக் காரணம் மக்கு, அதாவது கண்ணாடிக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைக்கும் பசை, வைக்காததுதான். ஈயம் விரலால் வளைக்கக்கூடிய உலோகம், அதனால் பலகைக்கு விறைப்பைத் தருவதில் பாதி வேலை மக்குடையது. முதலில் பலகையைச் சமதளத்தில் படுக்கவைத்து, வளைவை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி எடுங்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. இதில் சாக் பவுடரைப் போட்டுக் கெட்டி இட்லி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கருமைக்குக் கொஞ்சம் விளக்குக் கரி. குட்டை மயிர்ப் பிரஷால் பட்டைக்கு அடியில் எல்லாத் திசையிலிருந்தும் திணித்து, பட்டையின் ஓரத்தை மூங்கில் குச்சியால் அழுத்தி மூடுங்கள். மேலே உலர்ந்த சாக் பவுடரைத் தூவித் தேய்த்தால் பிசுக்கு போய்விடும். அப்புறம் மறுபக்கம். இந்தத் தேய்ப்பில் ஈயத் தூள் கிளம்பும்: முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகே விடாதீர்கள், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும், குளிரில் அது மந்தப்படும். அதனால் உங்கள் ஊர் மூடுபனி நாட்களில் ஒரு வாரமாவது படுத்தபடியே கிடக்கட்டும்.

நடு வளைவைத் தாங்க, சுற்றிலும் பித்தளைச் சேனல் (விளிம்பைச் செருகும் பள்ளமுள்ள பட்டை) போடுங்கள். கடையில் அலுமினியச் சேனலை நீட்டினால் வாங்காதீர்கள், அதில் சாதாரணப் பற்றாசு ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு ஈயக் கோடும் விளிம்பைத் தொடும் இடத்தில் அதைச் சேனலோடு பற்றவையுங்கள்.

நிற்க அடிக்கட்டை வேண்டும். உங்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமே போதும், நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்கட்டும். ஒன்றரை அடி உயரத்துக்கு அரை அடி அகலக் கட்டை எடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் இழைத்துச் சேனலை அதில் இறக்குங்கள்.

கடைசியாக, வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் காப்பிக் கிளை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒரே கோடாக ஓடுகிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கோடு கதவுக் கீல் மாதிரி வேலை செய்யும், பலகை அங்கேதான் மடங்கும். அடுத்ததில் கிளையை நடுவில் ஓர் இலையால் முறித்து, பின்னணிக் கோடுகளைச் செங்கல் அடுக்குப்போல் தள்ளித் தள்ளிச் சேருங்கள்.